பீட்டா குளோபின்: ஒரு மரபணுவைக் கடைசிவரை பின்தொடர்தல்

மரபணுவிலிருந்து புரதம் வரை என்னும் பாடத்துக்கு எல்லா வகுப்பறைகளிலும் ஒரே படத்தைத்தான் வரைகிறோம்: டி.என்.ஏ., ஓர் அம்புக்குறி, ஆர்.என்.ஏ., மீண்டும் ஓர் அம்புக்குறி, புரதம். படத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கிய மாணவரிடம், டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து (ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு வேதி அலகுகளில் ஒன்று) மாறினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். புரதம் மாறும், நோய் வரும் என்பார். சில சமயம் அப்படித்தான் நடக்கிறது. பல சமயம் எதுவுமே நடப்பதில்லை. இன்னும் சில சமயம், புரதத்தில் ஓர் அமினோ அமிலம்கூட மாறாமலே உயிருக்கு ஆபத்தான நோய் வந்துவிடுகிறது. இந்த வேறுபாடுகள் அனைத்தும் அந்த இரண்டு அம்புக்குறிகளுக்குள்தான் இருக்கின்றன. அதனால், இந்தப் பாடத்தை யாருக்காவது விளக்க நேரும்போதெல்லாம் பொதுப்படத்தை ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போவது என் வழக்கமாகிவிட்டது. நான் எடுத்துக்கொள்வது பீட்டா குளோபின் மரபணு; நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினின் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

இவ்வளவு விரிவாக ஆராயப்பட்ட மனித மரபணுக்கள் மிகச் சிலவே என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் நமக்கு நெருக்கமானது. இந்தியாவில் அரிவாள் செல் பண்பு (சிவப்பணுக்களை அரிவாள்போல வளைக்கும் பரம்பரை நோயின் எழுத்தைத் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற நிலை) முதன்முதலில் பதிவானது 1952ஆம் ஆண்டில். லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் நீலகிரி மலைப் பழங்குடியினரின் இரத்தத்தில் அதைக் கண்டார்கள். அதே ஆண்டில் மேல் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையேயும் அது கண்டறியப்பட்டது. பணியர், குறும்பர், இருளர் குடும்பங்களில் இன்றும் தொடரும் அந்த நோயின் வேர், இந்த மரபணுவின் ஒரே ஓர் எழுத்தில் இருக்கிறது.

மரபணு இருக்குமிடம் 11ஆம் குரோமோசோமின் குட்டைக் கரம். நீளம் ஏறத்தாழ 1600 எழுத்துகள். 300 கோடிக்கும் அதிகமான எழுத்துகள் கொண்ட மனித மரபணுத்தொகுப்பில் இது கண்ணுக்குத் தெரியாத துணுக்கு. தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று என, உட்கரு உள்ள நம் உடல் செல்கள் ஒவ்வொன்றிலும் இதற்கு இரண்டு பிரதிகள் உண்டு. கல்லீரல் செல்லிலும் உண்டு, மூளையின் நரம்புச் செல்லிலும் உண்டு. ஆனால் அங்கெல்லாம் அது வாய் திறப்பதில்லை. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவாக முதிர்ந்துகொண்டிருக்கும் செல்லில் மட்டும் அது ஓயாமல் வேலை செய்கிறது. ஒரே எழுத்துகள் ஓரிடத்தில் ஊமையாகவும் இன்னோரிடத்தில் ஓயாத பேச்சாகவும் இருப்பது எப்படி என்பதே, வகுப்புப் படம் பதில் சொல்லாத முதல் கேள்வி.

பதில் மரபணுவுக்குள் இல்லை. அதற்கு வெகு தொலைவில் இருக்கிறது. 11ஆம் குரோமோசோமில் பீட்டா குளோபின் தனியாக இல்லை. எப்சிலான், இரண்டு காமா, டெல்டா, பீட்டா என்று ஐந்து உறவுக்கார மரபணுக்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. கருவின் முதல் வாரங்களில் எப்சிலான், பிறகு பிறக்கும்வரை காமா, பிறந்தபின் பீட்டா என்று, அமர்ந்திருக்கும் வரிசையிலேயே அவை செயல்படுகின்றன. டெல்டாவின் பங்கு எப்போதுமே சொற்பம். இந்த வரிசைக்கு முன்னால், பீட்டாவிலிருந்து கிட்டத்தட்ட 50,000 எழுத்துகள் தள்ளி, ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறது. அது எந்தப் புரதத்துக்கும் குறிப்பு தருவதில்லை. காட்டா-1 போன்ற புரதங்கள் அதில் வந்து அமரும்போது, இடையிலுள்ள டி.என்.ஏ. வளைந்து, அந்தப் பகுதி மரபணுவின் தொடக்கத்தைத் தொட்டு நிற்கிறது. அதன் பிறகே ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் நொதி அங்கே படியெடுக்கத் தொடங்குகிறது. நெதர்லாந்தில் ஒரு குடும்பத்தில், பீட்டா மரபணு ஓர் எழுத்தும் குறையாமல் இருந்தும் அந்தப் பிரதி முற்றிலும் மௌனமாக இருந்ததை ஆராய்ந்தார்கள். தொலைவிலிருந்த அந்தக் கட்டுப்பாட்டுப் பகுதி அறுந்து போயிருந்ததே காரணம். விளைவு தலசீமியா, அதாவது குளோபின் போதிய அளவு உருவாகாததால் வரும் பரம்பரைச் சோகை. மரபணுவை மட்டும் படித்துப் பார்த்தவர் அதில் எந்தக் குறையையும் கண்டிருக்க மாட்டார்.

படியெடுத்தல் என்னும் அடுத்த கட்டத்தைப் பாடநூல்கள் நன்றாகவே விளக்குகின்றன, விரைவாகக் கடந்துவிடலாம். டி.என்.ஏ.வின் இரு இழைகள் சிறிது தூரம் பிரிகின்றன. ஓர் இழையை அச்சாகக் கொண்டு ஆர்.என்.ஏ. நீள்கிறது, டி என்னும் எழுத்து வரவேண்டிய இடத்தில் யு வருகிறது. புதிய ஆர்.என்.ஏ.வின் தலையில் ஒரு வேதித் தொப்பி மாட்டப்படுகிறது. வாலில் ஏ என்னும் எழுத்து நீளமாகத் தொடுக்கப்படுகிறது. வாலை எங்கே வெட்டித் தொடுப்பது என்று காட்டும் அடையாளம் ஏஏயுஏஏஏ என்னும் ஆறெழுத்து. அந்த ஆறில் ஒன்று மாறினாலும் தலசீமியா வருவதுண்டு. அப்போதும் புரதத்துக்கான குறிப்பில் எந்த மாற்றமும் இருப்பதில்லை.

அதற்கடுத்த கட்டத்தில்தான் நான் எப்போதும் நேரம் எடுத்துக்கொள்கிறேன். மரபணுவின் எழுத்துகள் இடைவெளியின்றி அப்படியே புரதமாகின்றன என்றே 1977 வரை உலகம் நம்பியிருந்தது. அந்த ஆண்டில் பிலிப் ஷார்ப்பும் ரிச்சர்ட் ராபர்ட்ஸும் தனித்தனியே, ஒரு வைரஸின் மரபணுக்களில் பயன்படாத துண்டுகள் ஊடே செருகிக் கிடப்பதைக் காட்டினார்கள். 1993இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸுக்கு மட்டும் உரிய விசித்திரமாக இருக்குமோ என்ற ஐயம் நீடிக்கவில்லை. முயலின், எலியின் பீட்டா குளோபின் மரபணுவிலும் அத்தகைய துண்டு இருப்பது உடனேயே தெரிந்துவிட்டது. மனித பீட்டா குளோபினில் தூதில் தங்கும் துண்டுகளாகிய எக்சான்கள் மூன்று, அவற்றுக்கிடையே வெட்டி எறியப்படும் துண்டுகளாகிய இன்ட்ரான்கள் இரண்டு. முதல் இன்ட்ரான் 130 எழுத்து. இரண்டாவது 850 எழுத்து. ஆக, படியெடுத்த 1600 எழுத்துகளில் பாதிக்கு மேல் வெட்டி எறியப்படுகிறது. மிஞ்சும் 600 சொச்சம் எழுத்துகளே உட்கருவை விட்டு வெளியே போகும் தூது ஆர்.என்.ஏ. அதிலும் புரதத்துக்கான குறிப்பு 444 எழுத்துகள்தான்.

வெட்டும் இயந்திரம் இன்ட்ரானின் எல்லையை எப்படி அறிகிறது? தொடக்கத்தில் ஜியு, முடிவில் ஏஜி என்னும் ஈரெழுத்துகளும், அவற்றை ஒட்டிய சில எழுத்துகளும்தான் அடையாளம். இவ்வளவு மெலிந்த அடையாளத்தை நம்பி இவ்வளவு பெரிய காரியம் நடக்கிறது. இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு மிகப் பரவலான காரணம், முதல் இன்ட்ரானின் 5ஆவது எழுத்தாகிய ஜி, சி ஆக மாறியிருப்பது. அந்த எழுத்து வெட்டி எறியப்படும் துண்டில் இருக்கிறது. புரதத்தில் அதற்கு இடமே இல்லை. ஆயினும் அது மாறியவுடன் வெட்டும் இயந்திரம் சரியான எல்லையைப் பெரும்பாலும் தவறவிட்டு, அருகில் எல்லைபோலத் தோன்றும் வேறு இடங்களில் வெட்டுகிறது. அப்படித் தவறாக ஒட்டப்பட்ட தூது ஆர்.என்.ஏ.விலிருந்து ஹீமோகுளோபின் உருவாகாது. எப்போதாவது சரியாக வெட்டப்படும் சிலவற்றிலிருந்து கிடைக்கும் பீட்டா குளோபின் முற்றிலும் இயல்பானது. ஆனால் அது மிகவும் குறைவு. இரு பிரதிகளிலும் இந்த மாற்றம் கொண்டு பிறந்த குழந்தைக்கு, சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியாக வேண்டிய நிலை வருகிறது.

தலசீமியாவில் செல்லைக் கெடுப்பது பீட்டா குறைவாக இருப்பது மட்டுமன்று. 16ஆம் குரோமோசோமிலிருந்து வரும் ஆல்பா குளோபின் வழக்கமான அளவில் வந்துகொண்டே இருக்கிறது. இணை கிடைக்காத ஆல்பா சங்கிலிகள் செல்லுக்குள் படிந்து, முதிரும் முன்பே அச்செல்லைக் கொன்றுவிடுகின்றன. அதனால், ஒருவருக்குத் தற்செயலாக ஆல்பா மரபணுவிலும் குறை இருந்தால், அவருடைய பீட்டா தலசீமியா தணிந்து காணப்படும். இரண்டு குறைகள் சேர்ந்து ஒருவரைச் சற்று நலமாக வைத்திருக்கும் இந்த விந்தையைச் சொன்னால், வகுப்பில் தூங்குபவர்கூட நிமிர்ந்து உட்கார்வார்.

இனி ரைபோசோம். மூன்று மூன்று எழுத்துகளாகப் படித்து, ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஓர் அமினோ அமிலத்தைச் சேர்ப்பது அதன் வேலை. 1961இல் நிரன்பர்க்கும் மத்தாயும் யு என்னும் எழுத்து மட்டுமே கொண்ட செயற்கை ஆர்.என்.ஏ.வைச் செல் சாற்றில் இட்டபோது, பீனைல் அலனின் மட்டுமே கோக்கப்பட்ட சங்கிலி வந்தது. குறியீட்டின் முதல் சொல் அப்படித்தான் விடுபட்டது. பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா, எழுத்துகளை விரும்பிய வரிசையில் கோத்த ஆர்.என்.ஏ.க்களைத் தொகுத்து மீதியை அவிழ்க்கப் பெரிதும் உதவினார். அவருக்கும் நிரன்பர்க்குக்கும் ராபர்ட் ஹாலிக்கும் 1968இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பீட்டா குளோபின் தூதின் தொடக்கம் இது: ஏயுஜி, ஜியுஜி, சிஏயு, சியுஜி, ஏசியு, சிசியு, ஜிஏஜி, ஜிஏஜி, ஏஏஜி. அமினோ அமிலங்களாகச் சொன்னால் மெத்தியோனின், வேலின், ஹிஸ்டிடின், லூசின், திரியோனின், புரோலின், குளூட்டாமிக் அமிலம், மீண்டும் குளூட்டாமிக் அமிலம், லைசின். சங்கிலி சற்று நீண்டதும் முதலிலுள்ள மெத்தியோனின் கத்தரிக்கப்படுவதால், வேலின் முதலாவதாகவும் முதல் குளூட்டாமிக் அமிலம் 6ஆவதாகவும் கணக்கிடப்படுகின்றன. மொத்தம் 146 அமினோ அமிலங்கள். பழைய நூல்களில் 6 என்றும் இன்றைய மரபணு அறிக்கைகளில் 7 என்றும் இருப்பதைக் கண்டு குழம்புபவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். இரண்டும் ஒரே இடம்தான்.

அந்த 6ஆவது இடத்தில் நிற்கும் ஜிஏஜியை எடுத்துக்கொள்வோம். அதன் கடைசி எழுத்து ஏ ஆகி, ஜிஏஏ என்று மாறினால் எதுவும் ஆகாது. அதுவும் குளூட்டாமிக் அமிலத்தையே குறிக்கிறது. முதல் எழுத்து மாறி ஏஏஜி ஆனால், அந்த இடத்தில் லைசின் வரும். மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்படும் ஹீமோகுளோபின் சி அதுதான், பெரும்பாலும் மிதமான சோகையோடு நின்றுவிடும். நடு எழுத்து மாறி ஜியுஜி ஆனால் வேலின் வரும். அரிவாள் செல் நோய் வரும். மூன்றெழுத்தில் எது மாறுகிறது என்பதைப் பொறுத்து விளைவு ஒன்றுமில்லை என்பதிலிருந்து கடும் நோய் வரை நீள்கிறது.

ரைபோசோமைப் பற்றிப் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. தான் சேர்க்கும் அமினோ அமிலம் சரியானதா என்று அது பார்ப்பதே இல்லை. தூதின் மூன்றெழுத்தும், அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் கடத்து ஆர்.என்.ஏ.வின் மூன்றெழுத்தும் பொருந்துகின்றனவா என்று மட்டுமே அது சோதிக்கிறது. 1960களின் தொடக்கத்தில், சிஸ்டீனைச் சுமந்த கடத்து ஆர்.என்.ஏ.வை எடுத்து, அது சுமந்த சிஸ்டீனை வேதி முறையில் அலனினாக மாற்றி, ஹீமோகுளோபின் தயாராகும் கலவையில் விட்டுப் பார்த்தார்கள். சிஸ்டீன் வரவேண்டிய இடத்தில் ரைபோசோம் எந்த மறுப்பும் இன்றி அலனினைச் சேர்த்துவிட்டது. எனவே, குறியீட்டை உண்மையில் காப்பாற்றுபவை, சரியான கடத்து ஆர்.என்.ஏ.வோடு சரியான அமினோ அமிலத்தை இணைக்கும் நொதிகள். அவற்றின் பெயர் தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாகக்கூட வருவதில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. எழுத்துப் பொருத்தத்தை ரைபோசோம் எப்படிச் சோதிக்கிறது என்பது, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் குழு ரைபோசோமின் சிறிய பாகத்தின் அணு வடிவத்தை 2000இல் வெளியிட்ட பிறகு தெளிவானது. ரைபோசோமின் சொந்த ஆர்.என்.ஏ.விலுள்ள இரண்டு அடினின்கள் (ஏ எழுத்துகள்) வெளியே திரும்பி, பொருந்தும் எழுத்து இணைகளின் அகலத்தைத் தொட்டுப் பார்க்கின்றன. பொருத்தம் பிசகினால் அந்தத் தொடுகை அமைவதில்லை; கடத்து ஆர்.என்.ஏ. பெரும்பாலும் விலகிவிடும்.

முதிரும் சிவப்பணுவில் ஒரே தூதின் மேல் பெரும்பாலும் ஐந்து ரைபோசோம்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதை 1962இல் மின்னணு நுண்ணோக்கியில் படம் பிடித்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு சங்கிலியை ஒரு நிமிடத்துக்கும் குறைந்த நேரத்தில் முடித்துவிடுகிறது. இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. சிவப்பணு முதிரும்போது முதலில் தன் உட்கருவையும், பிறகு ரைபோசோம்களையும் இழந்துவிடுகிறது. அதன்பின் 120 நாள் வாழ்விலும் ஒரு புரதத்தைக்கூட அது புதிதாகச் செய்ய முடியாது. அதற்குள் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகளைத் திரட்டிவிட வேண்டும்.

பாதியில் நிறுத்தச் சொல்லும் குறியீடு வந்துவிட்டால்? மத்தியத்தரைக்கடல் பகுதியில், குறிப்பாக சார்தீனியத் தீவில், 39ஆவது இடத்தின் சிஏஜி, யுஏஜி ஆக மாறியவர்கள் பலர். யுஏஜி என்றால் நிறுத்து என்று பொருள். அரைகுறைப் புரதம் செல்லில் நிரம்பிவிடும் என்று நினைப்போம். அப்படி ஆவதில்லை, நிறுத்தற்குறி இருக்கக்கூடாத இடத்தில் இருப்பதைச் செல் கண்டுபிடித்து, அந்தத் தூதையே சிதைத்துவிடுகிறது. எக்சான்கள் ஒட்டிய இடத்தில் விட்டுவைக்கப்படும் ஒரு புரதக் குறி, ரைபோசோம் அங்கே வந்து சேரவில்லை என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. அதனால் ஒரு பிரதியில் மட்டும் இந்த மாற்றம் உள்ளவர் பெரிய தொல்லையின்றி வாழ்கிறார். ஆனால் நிறுத்தற்குறி கடைசி எக்சானின் பின்பகுதியில் வந்தால் இந்தக் காவல் ஏமாந்துவிடுகிறது, ஏனெனில் அதற்கு அப்பால் ஒட்டிய இடம் எதுவும் இல்லை. கிட்டத்தட்ட முழு நீளமுள்ள, ஆனால் ஒழுங்காக மடியாத புரதம் உருவாகிச் செல்லைத் திணறடிக்கிறது. ஒரே ஒரு பிரதி கெட்டாலும் நோய் தெரிகிறது. சிறிய குறை பெரிய குறையைவிடக் கொடியதாக முடிவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

வடகிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் மிகப் பரவலான ஹீமோகுளோபின் ஈ இன்னும் சுவையானது. அதில் 26ஆவது இடத்தின் ஜிஏஜி, ஏஏஜி ஆகியிருக்கிறது. குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் லைசின். அதோடு நின்றிருந்தால் சாதாரண மாற்றம். ஆனால் அந்த ஓர் எழுத்து, முதல் எக்சானுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஒரு போலி எல்லையை எழுப்பிவிடுகிறது; தூதுகளில் ஒரு பகுதி தவறாக வெட்டப்பட்டு வீணாகிறது. ஒரே எழுத்து, வெட்டும் இயந்திரத்துக்கு ஒரு பொருளும் ரைபோசோமுக்கு வேறொரு பொருளும் தருகிறது.

சங்கிலி முடிந்துவிட்டால் புரதம் ஆகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. அது மடிய வேண்டும். எப்படியெல்லாம் மடிய முடியும் என்பதற்கு வரம்பு கட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் 1963இல், அமினோ அமிலங்களை இணைக்கும் பிணைப்புகள் எந்தெந்தக் கோணங்களில் திரும்பினால் அணுக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாது என்று கணக்கிட்டு ஒரு வரைபடமாகத் தந்தார்கள். இன்றும் உலகில் எங்கு ஒரு புரதத்தின் வடிவம் தீர்க்கப்பட்டாலும், அது அந்த ராமச்சந்திரன் வரைபடத்தில் சரிபார்க்கப்படுகிறது. பீட்டா குளோபின் எட்டுச் சுருள்களாக மடிந்து, நடுவில் இரும்பைத் தாங்கிய ஹீமை ஏற்றுக்கொள்கிறது. ஹீம் போதுமான அளவு இல்லாவிட்டால், அதை உணரும் ஒரு நொதி ரைபோசோம்களின் தொடக்க வேலையையே நிறுத்திவைக்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் சிவப்பணு சிறுத்து வெளிறிப்போவதற்கு இதற்கும் பங்குண்டு. பிறகு இரண்டு பீட்டாவும் இரண்டு ஆல்பாவும் கூடி ஒரு ஹீமோகுளோபின் ஆகின்றன.

இப்போது அந்த வேலினுக்கு வருவோம். குளூட்டாமிக் அமிலத்துக்கு எதிர்மின் சுமை உண்டு. வேலினுக்கு எந்தச் சுமையும் இல்லை. லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் 1949இல் மின்புலத்தில் இயல்பான ஹீமோகுளோபினும் அரிவாள் செல் நோயாளியின் ஹீமோகுளோபினும் வேறு வேறு வேகத்தில் நகர்வதைக் காட்டி, இது ஒரு மூலக்கூறின் நோய் என்று அறிவித்தார்கள். அந்தக் கருத்தே அப்போது புதிது. வேறுபாடு எங்கே இருக்கிறது என்று காட்டியவர் வெர்னான் இங்கிராம். டிரிப்சின் நொதியால் ஹீமோகுளோபினைத் துண்டுகளாக வெட்டி, வடிதாளில் ஒரு திசையில் மின்புலத்தாலும் அதற்குக் குறுக்கே கரைப்பானாலும் அவற்றைப் பரப்பினார். ஏறத்தாழ 30 புள்ளிகளில் ஒரே ஒரு புள்ளி இடம் மாறியிருந்தது. 1957இல் அது வேலின் என்று உறுதியானது.

பாலிங் செய்ததன் எளிய வடிவத்தை இன்று எந்த ஆய்வகத்திலும் காணலாம். காரத்தன்மையுள்ள கரைசலில் நனைத்த செல்லுலோஸ் அசிடேட் தாளில் இரத்தக் கரைசலை ஒரு கோடாக இட்டு மின்சாரம் பாய்ச்சினால், இயல்பான ஹீமோகுளோபின் ஏ நேர்முனையை நோக்கி முந்திச் செல்லும். எதிர்மின் சுமை குறைந்த, அரிவாள் செல்லுக்குரிய ஹீமோகுளோபின் எஸ் பின்தங்கும். நோயாளிக்குப் பின்தங்கிய பட்டைதான் முதன்மையாகத் தெரியும். பண்பை மட்டும் சுமப்பவருக்கு இரண்டு பட்டைகள் தெரியும். அந்த இரண்டையும் உற்றுப் பார்த்தால் அடர்த்தி சமமாக இருப்பதில்லை. ஏ பட்டை சற்று அழுத்தமாகவும் எஸ் பட்டை 35 முதல் 40 சதவீதம் அளவிலும் இருக்கும். இரண்டு பிரதிகளும் சமமாக வேலை செய்தும் இந்த ஏற்றத்தாழ்வு ஏன்? சற்றே நேர்மின் சுமையுள்ள ஆல்பா சங்கிலி, எதிர்மின் சுமை அதிகமுள்ள இயல்பான பீட்டாவோடு எளிதில் கூடிவிடுகிறது. மரபணுவில் மாறிய ஓர் எழுத்து, புரதங்கள் துணை தேடும் போட்டிவரை வந்து, தாளில் ஒரு பட்டையின் கருமையாகத் தெரிகிறது.

இதைவிட எளிய சோதனையும் உண்டு. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு இரத்தம், அதோடு சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசல், மேலே மூடுகண்ணாடி, ஓரமெங்கும் வாசலின். மெட்டாபைசல்பைட் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். அரை மணி கழித்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், வட்டமாக இருந்த சில செல்களில் முதலில் ஒரு முனை கூராகும். பிறகு செல் வளைந்து இரு முனைகளும் நீளும். ஆக்சிஜனை விட்டுவிட்ட ஹீமோகுளோபினில் மட்டும் வெளிப்படும் ஒரு குழியில், பக்கத்து மூலக்கூறின் வேலின் போய் ஒட்டிக்கொள்கிறது. அதன் பக்கத்தில் இன்னொன்று. தேங்காய் நாரைத் திரித்துக் கயிறாக முறுக்குவதுபோல 14 இழைகள் முறுக்கேறி ஒரு விறைத்த நூலாகின்றன. அத்தகைய நூல்கள் செல்லை உள்ளிருந்து தள்ளி உருக்குலைக்கின்றன. பண்பை மட்டும் சுமப்பவரின் செல்லும் இந்தத் தகட்டில் வளையும் என்பதால், இந்தச் சோதனை நோயாளியையும் சுமப்பவரையும் பிரித்துக் காட்டாது. அதற்குத்தான் மின்புலச் சோதனை.

செல்லுக்குள் இந்த நூல் உடனே தோன்றிவிடுவதில்லை. ஆக்சிஜனை இழந்த பின் சிறிது நேரத் தாமதம் உண்டு. பல செல்கள் அதற்குள் நுண்குழாயைக் கடந்து நுரையீரலுக்குத் திரும்பிவிடுகின்றன. ஹீமோகுளோபினின் செறிவு சற்றே கூடினாலும் அந்தத் தாமதம் பன்மடங்கு சுருங்கிவிடும். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று இந்நோயாளிகளிடம் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது சம்பிரதாயப் பேச்சு அன்று. உடலில் நீர் வற்றினால் செல்லும் வற்றும், செறிவு கூடும். குழாயில் சிக்கிய செல்கள் இரத்தத்தைத் தடுக்கும்போது எலும்பிலும் மார்பிலும் தாங்க முடியாத வலி வருகிறது. 120 நாள் வாழவேண்டிய செல் 10 முதல் 20 நாளில் அழிகிறது. இவ்வளவு கேடு செய்யும் எழுத்து ஏன் நிலைத்திருக்கிறது என்பதற்கு, பண்பை மட்டும் சுமப்பவர்களை அது கடும் மலேரியாவிலிருந்து காக்கிறது என்று 1954இல் அந்தோனி ஆலிசன் விடை தந்தார்.

கடைசியாக ஒரு புதிர். இரு பிரதிகளிலும் அரிவாள் எழுத்தோடு பிறக்கும் குழந்தை, முதல் சில மாதங்கள் நலமாகவே இருக்கும். அதன் செல்களில் இன்னும் காமா குளோபின் நிறைந்த கருக்கால ஹீமோகுளோபின் இருக்கிறது. அது நூல் முறுக்கேறுவதைத் தடுக்கிறது. நியூயார்க்கின் புரூக்ளினில் ஜேனட் வாட்சன் என்னும் குழந்தை மருத்துவர் 1948இலேயே, பிறந்த குழந்தைகளின் இரத்தத்தில் அரிவாள் செல்கள் குறைவாக இருப்பதைக் கவனித்து, காரணம் இதுவாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார். கருக்கால ஹீமோகுளோபினைப் பெரியவர்களிடமும் உயர்த்தும் ஹைட்ராக்சியூரியா மாத்திரை இந்தச் சிந்தனையின் வழியில் வந்ததுதான். காமாவை அணைத்துவைப்பது எது என்பது 2008இல் தெரிந்தது: 2ஆம் குரோமோசோமிலிருந்து வரும் பி.சி.எல்.11ஏ என்னும் புரதம். 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற காஸ்ஜெவி சிகிச்சை, நோயாளியின் மூலச் செல்களை வெளியே எடுத்து, கிரிஸ்பர் கத்தரியால் ஓரிடத்தில் வெட்டி, திரும்பச் செலுத்துகிறது. வெட்டுமிடம் பீட்டா குளோபினில் இல்லை, பி.சி.எல்.11ஏ மரபணுவைச் சிவப்பணுப் பரம்பரையில் மட்டும் இயக்கிவைக்கும் ஒரு கட்டுப்பாட்டுத் துண்டில் இருக்கிறது. அது வெட்டுப்பட்டதும் காமா மீண்டும் விழித்துக்கொள்கிறது. ஜியுஜி தன் இடத்திலேயே இருக்க, நோய் அடங்குகிறது.

அமெரிக்காவில் இதன் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். அதற்கு முன் மஜ்ஜையை வெறுமையாக்கும் கடும் மருந்தும் உண்டு. ஆகவே கூடலூர்ப் பகுதியில் வாழும் ஒரு பணியர் இளைஞருக்கு இன்று பயன்படக்கூடியது, தினமும் விழுங்கும் ஹைட்ராக்சியூரியாவும் காலத்தோடு செய்யப்படும் இரத்தச் சோதனையும்தான். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கமும் பெருமளவு சோதனையையே நம்பியிருக்கிறது. பிறந்த குழந்தைக்குச் சோதிக்கும்போது மட்டும், மேலே சொன்ன கண்ணாடித் தகட்டுச் சோதனையை நம்பக்கூடாது. கருக்கால ஹீமோகுளோபின் அங்கே உண்மையை மறைத்துவிடும். கத்தரிச் சிகிச்சை பெற்றவரின் கருமுட்டையோ விந்தணுவோ திருத்தப்படுவதில்லை என்பதால், அவருடைய பிள்ளைகளுக்கு அந்த எழுத்து வழக்கம்போலவே போய்ச் சேரும். பண்பைச் சுமக்கும் இருவர் மணந்துகொண்டால், நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒன்று. முதல் குழந்தை நலமாகப் பிறந்தது என்பதால் அடுத்த குழந்தைக்கு அந்த வாய்ப்பு குறைந்துவிடுவதில்லை.